கடைசி பஸ்ஸின் டயர்கள்

எங்கள் தெருவில் என் மாமாவுக்குக் ‘கடைசி பஸ்’ என்று பெயர். அமரர் ஊர்தி ஓட்டுகிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அம்மாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர், எங்கள் வீட்டு மாடியறையில்தான் இருக்கிறார். போன வருஷம் பார்வை மங்கி வண்டியை விட்டுவிட்டார். இப்போது ஓட்டுகிற ஆள் நல்ல மனுஷன்தான். ஆனால் டயர்கள் சாம்பலில் புரண்ட எருமை மாதிரி இருக்கின்றன. அந்த வண்டி போகும்போது எல்லோரும் கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கிறார்கள். நான் சக்கரத்தைப் பார்த்துவிட்டு மாமாவின் காலத்தை நினைத்துக்கொள்கிறேன்.

காலையில் வண்டியை நிழலில் நிறுத்துவார். சூடான டயரில் பாலிஷ் போட்டால் திட்டுத்திட்டாகக் காயுமாம். முதலில் சோப்புத் தண்ணீரும் பிரஷும். நுரையின் பழுப்பு போகிறவரை தேய்ப்பார். வெள்ளையாக வந்தால்தான் பழைய பாலிஷ் போனதாக அர்த்தம். பிறகு இடுக்கு இடுக்காகத் துணியால் ஈரத்தை ஒற்றி எடுப்பார். அம்மா என் முகத்தை ஒருநாளும் அவ்வளவு அக்கறையாகத் துடைத்ததில்லை.

பாலிஷில் இரண்டு வகை உண்டு. எண்ணெய்ப் பசையானது கண்ணாடியாக மின்னும். ஆனால் தூசியை அள்ளிப் பூசிக்கொள்ளும், சக்கரம் சுற்றினால் தெறிக்கும். பால் மாதிரி இருக்கும் தண்ணீர் பாலிஷ் அடக்கமாகக் கறுக்கும். மெல்லிசாகத் தடவிக் காயவிட்டால் பல நாள் நிற்கும். மாமா இந்தக் கட்சி. தரையில் படும் பக்கத்தில் மட்டும் ஒரு சொட்டு விடமாட்டார். பிரேக் போட்டால் வழுக்கிவிடும்.

பக்கத்துத் தெருவில் கார் கழுவும் ‘சோப்பு’ எதிர்க்கட்சி. மாமாவோடு சின்ன வயதிலிருந்தே சுற்றியவர்.

“ஏன்டா, உன் வண்டியில ஏறுறவன் டயரையா பார்க்கப் போறான்?”

“அவன் பார்க்க மாட்டான். கூட நடக்கிறவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தானே வர்றான்? அவன் கண்ணுக்குத் தெரியறது டயர் மட்டும்தான்.”

“தத்துவம்! போடா, கடைசி பஸ்ஸு.”

இப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தபோது சோப்பின் அப்பா இறந்துபோனார். பஸ் டிரைவராக இருந்தவர். மாமா வண்டியை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியதும், வீங்கிய கண்களோடு சோப்பு ஒரு பாட்டிலை நீட்டினார். எண்ணெய் பாலிஷ்.

“இன்னிக்கு மட்டும் இதைப் போடுடா. எங்கப்பா பளபளன்னு போகணும். அவர் பஸ்ஸு ஒருநாள்கூட அழுக்கா ரோட்டுக்கு வந்ததில்ல.”

“பளபளன்னே போவாரு. ஆனா இது வேணாம். தெரு தாண்டுறதுக்குள்ள கறுப்புக் கறுப்பாத் தெறிக்கும். உங்கம்மா வெளிர் புடவையில சக்கரத்தை ஒட்டித்தான் நடந்து வருவாங்க.”

“எங்கப்பா விஷயத்துலகூட உன் பிடிவாதம்தானா?”

மாமாவின் முகம் சுருங்கிப்போயிற்று. வாளியை எடுத்தார். தண்ணீர் பாலிஷிலும் மினுமினுப்பு வரவழைக்கலாம். ஒரு பூச்சு காய்ந்தபின் அதன்மேல் இன்னொன்று போடவேண்டும். ஆனால் இரண்டும் நன்றாகக் காயவேண்டும். சாவு வீட்டில் அதற்கு யார் பொறுத்திருப்பார்கள்?

சோப்பின் சித்தப்பா கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு வந்தார். “என்னய்யா, எடுக்கிற நேரத்துல டயருக்குப் பவுடர் போட்டுக்கிட்டு இருக்கே? எங்கண்ணன் என்ன பொண்ணு பார்க்கவா போறாரு?”

யாரோ சிரித்துவிட்டு அதை இருமலாக்கினார்கள். மாமாவோடு போயிருந்த நானும் இருமினேன்.

“இப்பக் கிளம்பினா போட்டதெல்லாம் மண்ணாயிடும் சித்தப்பா. கொஞ்சம் பொறுங்க” என்றார் மாமா.

“வண்டியை எடுக்கிறியா, வேற வண்டி பிடிக்கட்டுமா?”

மாமா பாலிஷ் தடவும் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு சோப்பைப் பார்த்தார். சோப்பு வேறு பக்கம் பார்த்தார். அப்போது வாசற்படியிலிருந்து சோப்பின் அம்மா சொன்னார்:

“காயட்டும் தம்பி. உங்கண்ணன் இருந்தா இன்னொரு தடவை தேய்க்கச் சொல்லியிருப்பாரு. அவருக்கு இனிமே என்ன அவசரம்?”

வந்திருந்த கூட்டம் மொத்தமும் நின்று டயர் காய்வதை வேடிக்கை பார்த்தது. மாமா விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

சோப்பு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்தின் பக்கத்திலேயே நடந்தார். கண் சக்கரத்தை விட்டு நகரவில்லை. நாற்சந்தியில் குழாய் உடைந்து குளமாக நின்றது. மாமா வண்டியை நத்தையாக இறக்கி ஏற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்தது; டயர் முன்னைவிடக் கறுப்பாக வெளியே வந்தது.

ஓட்டுகிறவருக்குத் தன் வண்டியின் டயர் தெரியாது. மயானத்து வாசலில் நிறுத்திய பிறகும் மாமா கீழே இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சோப்பு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மாமாவின் கையைப் பிடித்தார்.

“இன்னும் மின்னுதுடா.”

“தெறிச்சுதா?”

“அம்மா புடவையைப் பாரு.”

மாமா பார்க்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நெற்றி ஹாரனில் பட்டு வண்டி வீலென்று அலறியது. சித்தப்பா துள்ளிக் குதித்தார். அழுதுகொண்டிருந்த சோப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது.