கொழுக்கட்டை அத்தையும் ஒரு குடும்பச் சித்திரமும்

இன்று மதியம் ஒரு பெரிய தப்பு செய்தேன்.

சின்ன வயதில் உயிராக இருந்த படத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன்!

பெயர் சொல்ல மாட்டேன். (சொன்னால் அதன் ரசிகர்கள் கமெண்டில் பாய் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.) எண்பதுகளில் தியேட்டரில் ஓடி, தொண்ணூறுகளில் கேபிள் டிவியில் தேய்ந்த 'குடும்பத்தோடு காண வேண்டிய' காமெடிப் படம். ஒரே வீட்டில் பதினாலு பேர், எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு அண்ணி சமையல், அந்த ரகம்.

இன்று பௌர்ணமி. அப்பா வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே. மலை சுற்ற வரும் கூட்டத்தில் வாசலைத் தாண்டி பைக்கைக்கூட எடுக்க முடியாது. கீழ்பென்னாத்தூரில் இருந்து அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, வெயில் தாழ்ந்ததும் மலை சுற்றலாம் என்று காலையிலேயே வந்துவிட்டார். நான், அப்பா, அத்தை, ரெண்டாவது படிக்கும் என் மகள் நிலா. நாலு பேருக்கும் ஒரே ஃபேன், ஒரே டிவி.

"அம்மா வயிறு வலிக்க வலிக்க சிரிச்ச படம்டி, பாரு" என்று பில்டப் வேறு கொடுத்துத் தொலைத்தேன்!

படம் ஆரம்பித்தது. ஹீரோவுக்கு வேலை இல்லை. தேடுகிற உத்தேசமும் இல்லை. அண்ணி கொண்டுவந்த காபியில் சூடு கம்மி என்று டம்ளரை வீசுகிறார். பின்னணியில் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். அது காமெடியாம்!

"தாத்தா, அந்த அங்கிள் ஏன் கத்துறாரு?"

"அவருதான்மா ஹீரோ."

"அவரு ஏன் ஆபீஸ் போவல?"

அப்பா சவுண்டைக் கூட்டினார்.

அடுத்து ஹீரோயினுக்கு ஒரு அறை. விழுந்த அடுத்த ஷாட்டில் அவருக்குக் காதல் வந்துவிட்டது. (எனக்கெல்லாம் அறைந்தால் காது வலிதான் வரும்.) இதற்கா நான் ஹோம்வொர்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்? எழுதியவருக்கு மூளை கம்மி, திமிர் ஜாஸ்தி. பார்த்த எனக்கு ரெண்டுமே கிடையாது போலிருக்கிறது.

பிறகுதான் வந்தது அந்தப் பிரமாதமான சீன்.

ஹீரோவின் அக்காவுக்குத் திக்குவாய். பெண் பார்க்க ஆள் வருகிறது. பேசினால் தெரிந்துவிடும் என்று, ஒரு முழுக் கொழுக்கட்டையை அவள் வாயில் திணித்து உட்கார வைக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா கேள்வி மேல் கேள்வி கேட்க, இவள் கண் பிதுங்கத் தலையை ஆட்ட, கடைசியில் புரையேறி, கொழுக்கட்டை தெறித்து மாப்பிள்ளையின் மூக்குக் கண்ணாடியில் போய் ஒட்டுகிறது. பதினாலு பேரும் உருண்டு சிரிக்கிறார்கள்.

எனக்கு நினைவில் இருந்தது அந்தக் கண்ணாடி மட்டும்தான். அவளுக்குத் திக்குவாய் என்பதே மறந்துபோயிருந்தது!

நிலாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு அத்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஓ! அதனாலதான் இவங்கள கொழுக்கட்டைப் பாட்டினு கூப்பிடுறோமா?"

நான் படத்தை நிறுத்தினேன்.

என் அத்தையின் பெயர் வசந்தா. கொஞ்சம் திக்கிப் பேசுவார். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அவரை வசந்தா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அப்பாவுக்குக் கொழுக்கட்டை, எங்களுக்குக் கொழுக்கட்டை அத்தை. என் போனிலும் அப்படித்தான் சேவ் செய்திருக்கிறேன். பிள்ளையார் சதுர்த்திக்குத் தூக்கு நிறையக் கொழுக்கட்டை செய்து எடுத்து வருவாரே, அதனால் வந்த பெயர் என்று சத்தியமாக நம்பியிருந்தேன். ரெண்டு டிகிரி வாங்கியவளுக்கு இத்தனை வருஷம் புரியாதது ரெண்டாவது படிப்பவளுக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது!

"அப்பா, இந்தப் பேர நீங்கதான் வச்சீங்களா?"

"இன்னாமா இப்போ? தியேட்டர்ல படம் பாத்துட்டு வந்த அன்னிக்கு தமாஷுக்கு சொன்னது. அவளே சிரிச்சா."

அவளே சிரிச்சா! ஊரில் இருக்கிற அத்தனை அயோக்கியத்தனத்துக்கும் இதே சர்டிபிகேட்தான். சுற்றி நின்று வீடே சிரிக்கும்போது பதினெட்டு வயதுப் பெண் வேறு என்ன செய்வாள், போலீஸ் ஸ்டேஷனுக்கா போவாள்?

அத்தை முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று உளறினேன்.

"நீங்க கொழுக்கட்டை நல்லா செய்வீங்கல்ல, அதுக்குத்தான் அந்தப் பேருனு நெனச்சிட்டிருந்தேன் அத்த."

அத்தை சாதாரணமாகத்தான் பதில் சொன்னார்.

"பே... பேரு வச்சப்போ எனக்கு மாவு கிளறவே தெ... தெரியாதுமா. அப்புறமாத்தான் கத்துக்கிட்டேன். நீங்கல்லாம் பொறந்து வளந்து, ஏன் இந்தப் பேருனு கே... கேப்பீங்கல்ல? உங்ககிட்ட சொல்றதுக்கு நல்லதா ஒரு கா... காரணம் வேணும்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையைவிடக் கோபம் ஜாஸ்தி. படம் எடுத்தவர் மேல், அப்பா மேல், ஏன் எதற்கு என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் கொழுக்கட்டை கொழுக்கட்டை என்று கத்திக்கொண்டு திரிந்த என் மேல்.

"இனிமே இந்த வீட்டுல யாரும் அந்தப் பேர சொல்லக் கூடாது. வசந்தானு கூப்பிடுங்க."

"நாப்பது வருஷப் பழக்கம். சட்டுனு வாயில வருமா?" அப்பா முறைத்துக்கொண்டு எழுந்து போனார்.

மீதிப் படத்தை யாரும் கேட்கவில்லை. (நல்லவேளை, கிளைமாக்ஸில் எல்லோரும் திருந்துவார்கள். அதையும் பார்த்திருந்தால் டிவி உடைந்திருக்கும்.)

வெயில் தாழ்ந்தது. அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மலை சுற்றத் தயாராக நின்றார். அப்பா வாசலில் இருந்து வழக்கம்போலக் குரல் கொடுத்தார்.

"ஏய் கொ..."

நான் அவரையே பார்த்தேன்.

"கொ... கொ... வ... வ... வசந்தா! கெளம்பலாமா?"

அத்தை சிரித்தார். இந்தத் தடவை நிஜமாகவே.

"மெ... மெதுவா சொல்லுண்ணா. ஒண்ணும் அவசரமில்ல."