அடுத்த கிளினிக் திகதி

பத்மா மிஸ் இறந்த செய்தி ஒரு கிளினிக் நாளின் நடுவில் வந்தது. தாதி உள்ளே வந்து, "டொக்டர், நம்மட பத்மா மிஸ் மோசம் போயிற்றாவாம். காலையில கதவு திறக்கல்ல எண்டு பக்கத்து வீட்டாக்கள் போய்ப் பாத்திரிக்காங்க" என்றார். வெளியே வாங்குகள் நிறைய நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவருடன் வேலை செய்த உங்களுக்கு அந்த மேசை ஞாபகமிருக்கும். மருந்தாளராக இருந்த அவர், எங்கள் முதியோர் கிளினிக்கில் என் அறைக்குள்ளேயே ஒரு சின்ன மேசையைப் போட்டுக்கொண்டார். வருகிறவர்கள் வீட்டிலுள்ள மருந்துகளையெல்லாம் பையோடு கொண்டுவந்து அதில் கொட்ட வேண்டும். நம் ஆட்கள் சோதனை எழுதப் போகிறவர்கள் மாதிரி, கிளினிக்கில் கொடுத்ததை மட்டும் புதுப் பையில் அடுக்கிக்கொண்டு வருவார்கள். மிஸ் விடமாட்டார். "பழசு, பக்கத்து வீட்டில வாங்கினது, கட்டாரிலிருந்து மகன் அனுப்பினது, ஒண்டையும் விடப்படா" என்று திருப்பி அனுப்புவார்.

ஆய்வுக் கட்டுரைகளை அச்செடுத்து, பென்சிலால் கோடு போட்டு வாசிப்பார். ஒருநாள் அப்படியொரு தாளை என் முன்னால் வைத்தார். "நீங்க எழுதின குளிசை நல்லதுதான், டொக்டர். ஆனா இந்த ஆய்வில எண்பது வயசுக்காரர் ஒருத்தரையும் சேக்கல்ல. கந்தப்பருக்கு இது சரிவரும் எண்டு ஆர் சொன்ன?" எனக்குக் கோபம் வந்தது. மருந்து எழுதுகிறவன் நானா இவவா என்று அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

கந்தப்பர் வெல்லாவெளி விவசாயி. தலைச்சுற்று வந்து வயல் வரம்பில் இரண்டு தடவை விழுந்தவர். அவருடைய பையைக் கொட்டி, நான் எழுதத் தொடங்கிய ஒழுங்கிலேயே மருந்துகளை மிஸ் வரிசையாக வைத்தார். பிரஷருக்குக் கொடுத்த குளிசையால் கால் வீங்கியிருக்கிறது. வீக்கத்துக்கு, சிறுநீர் கூடப் போக ஒரு குளிசை. அதனால் தலைச்சுற்று. தலைச்சுற்றுக்கு இன்னொன்று. எல்லாம் என் கையெழுத்து. "பாருங்க டொக்டர், ஒண்டு செய்த வேலைக்குத்தான் மற்றது" என்றார். குரலில் குற்றச்சாட்டே இல்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

முதற் குளிசையை மாற்றினோம். மற்றவற்றை ஒவ்வொன்றாக, வாரக்கணக்கில் பொறுத்துப் பொறுத்து நிறுத்தினோம். நான் பயந்துகொண்டே இருந்தேன். கடைசியில் ஒரே ஒரு குளிசை மிஞ்சியது, தலைச்சுற்றும் போய்விட்டது. அதை வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே எடுக்கலாம் என்று சொன்னபோது கந்தப்பரின் முகம் வாடியது. "அப்ப நான் இனி இங்க வரத் தேவல்லயா, மனே?"

மனைவி இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். மாதத்துக்கு ஒருமுறை எப்படியிருக்கிறீர்கள் என்று அவரைக் கேட்பவர்கள் நாங்கள் மட்டும்தான். "சந்தோசமாப் போங்க" என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் மிஸ் அவருடைய கிளினிக் கொப்பியை வாங்கித் திகதி எழுதினார். "மருந்தத்தான் நிப்பாட்டின நாங்க, உங்கள இல்ல. அடுத்த மாசம் வாங்க."

ஓய்வு பெற்று குருக்கள்மடத்தில் தனியாக இருந்தபோது, கிளினிக் நாட்களில் தொலைபேசியில் பேசுவார். கடைசியாகப் பேசியபோது, "நான் ஒரு நாளைக்கு வரட்டா, டொக்டர்? பை பாக்க?" என்று கேட்டார். நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில், "வேணாம் மிஸ், உழைச்சது காணும். ஆறுதலா இருங்க" என்றேன். "ஓம், சரி" என்றார். ஆனால் உடனே தொலைபேசியை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன். கந்தப்பர் கேட்ட கேள்வியைத்தான் அவரும் கேட்டிருக்கிறார். அது எனக்கு அவருடைய செத்தவீட்டில்தான் விளங்கியது.

இப்போது என் கையெழுத்தில் பிழை பிடிக்க ஆளில்லை. மருந்து எழுதி முடித்ததும் தலை தன்பாட்டில் அந்த மேசைப் பக்கம் திரும்புகிறது. எழுதுவதற்கு முன் இந்த வயதுக்காரருக்கு இது தேவையா என்று நானே கேட்டுக்கொள்கிறேன்; தனியாகக் கேட்பது சுகமான வேலையில்லை. மருந்தை நிறுத்தினால் அடுத்த திகதியை என் கையாலேயே எழுதுகிறேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை இந்த இரண்டும்தான்.

போன கிளினிக்குக்குக் கந்தப்பர் வந்தார். செய்தியைச் சொன்னேன். வெறும் மேசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ் கடைசியா எப்ப மனே இங்க வந்தவ?"

"வாறன் எண்டவ. நான்தான் வேணாம் எண்டன்."

அவர் கொப்பியை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"எனக்குத் திகதியப் போடுங்க, மனே."