கடைசி இரண்டு எண்கள்

அச்சுத்தாளை உரிப்பதற்கு முன்னால் பாண்டித்துரை புறங்கையை அதன்மேல் வைப்பார். உள்ளங்கையை வைக்கமாட்டார். இருபது வருஷம் இஸ்திரிப் பெட்டி பிடித்துக் காய்த்துப் போன கை அது, அதற்குச் சூடு தெரியாது. புறங்கை தாளில் பட்டதும் கண்ணை மூடிக்கொள்வார். சூடு இறங்கி இறங்கி, கைக்கு ஒன்றுமே தெரியாமல் போகும்வரை அசையமாட்டார். பிறகு இடது மூலையை நகத்தால் கிள்ளி ஒரே இழுப்பு. சட்டையில் படம் நிற்கும்.

“துரையண்ணா, சட்டைக்கு ஜுரம் பாக்கறேளா?” என்பாள் கடைக்காரி ஸாதனா.

“ஜுரம் விட்டாத்தான் மேடம் தோலை உரிக்கலாம்.”

கொச்சியில், கொச்சங்காடியிலுள்ள பழைய சுக்குக் கிடங்கின் முன்னறைதான் கடை. மற்ற பிரிண்டர்களுக்கு வெள்ளை என்றால் காகிதத்தின் வெள்ளை. வெள்ளையைத் தாங்களாக அச்சடிக்க அவற்றுக்குத் தெரியாது. ஸாதனா வாங்கிப் போட்டிருந்த பிரிண்டருக்குள் வெள்ளைத் தூளே தனி டப்பாவில் இருந்தது. படத்தை ஃபிலிமில் அடித்து, பசைத்தாளோடு சேர்த்துச் சூட்டில் அழுத்தினால் படம் பசைத்தாளுக்கு வந்துவிடும். அந்தத் தாளைச் சட்டையில் வைத்து மறுபடி அழுத்தவேண்டும். ஆறவிட்டு உரித்தால் கன்னங்கரிய துணியிலும் வெள்ளை எழுத்து பளிச்சென்று நிற்கும்.

கறுப்பில் வெள்ளை பாண்டித்துரைக்கு வேறொரு காரியத்துக்கும் தேவைப்பட்டது. அவருடைய தம்பி அழகருக்கு வயது முப்பத்தாறு. சின்ன வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு ‘தா’ என்ற ஒரு சொல்தான் மிச்சம். எட்டு வருஷத்துக்கு முன்னால் சபரிமலைக்கு மாலை போட்டு அழைத்துப் போனார்கள். வந்த பிறகு எல்லாரும் கறுப்பைக் கழற்றினார்கள், அழகர் கழற்றவில்லை. வேறு நிறத்தை உடம்பில் ஏற்றினால் கிழித்துவிடுவான். கால் போன போக்கில் நடக்கிறவன் வேறு. அதனால் அவனுடைய மூன்று கறுப்புச் சட்டைகளின் முதுகிலும் தன் போன் நம்பரைப் பெரிய வெள்ளை எழுத்தில் அடித்துவைத்தார் பாண்டித்துரை.

கார்த்திகை இரண்டாம் தேதி காலையில் கோயில் பக்கம் போன அழகர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. இருட்டும்வரை தோப்பும்படி, சுள்ளிக்கல், கும்பளங்கிப் பாலம் என்று பாண்டித்துரை சைக்கிளில் சுற்றினார். பிறகு போலீஸ் ஸ்டேஷன்.

“எந்தா வேஷம்?” என்று கேட்டார் எழுதிக்கொண்டிருந்தவர்.

“கறுப்புச் சட்டை, கறுப்பு வேட்டி. தாடி. கழுத்துல மாலை உண்டு சாரே.”

அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். “சேட்டா, மண்டல காலமல்லே? ஒண்ணு வெளியில நோக்கு. இதுல நிங்ஙள்ட தம்பி ஏது?”

ரோட்டில் ஒரு கூட்டம் சரணம் விளித்துக்கொண்டு போனது. எல்லாம் கறுப்பு, எல்லாம் தாடி. ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டு அந்தக் கூட்டத்தின் பின்னாலேயே பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனார்.

வீட்டில் அவர் மனைவி ஆவுடையம்மாள் கொடியில் காய்ந்த சட்டைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு சட்டைகள்.

“மூணாவதைத்தான் போட்டுட்டுப் போயிருக்கான்” என்றாள்.

“நம்பர் இருக்குல்லா. யாராவது பாத்துக் கூப்பிடுவாவ.”

“எங்க இருக்கு? கடைசி ரெண்டு நம்பரும் போன மாசமே உரிஞ்சிட்டு. ஒங்ககிட்டச் சொன்னேம்லா? ஞாயித்துக்கிழமை பாப்போம்னியளே.”

பாண்டித்துரைக்கு அந்தச் சட்டை அடித்த நாள் நினைவுக்கு வந்தது. இரண்டு சட்டை முடிந்து மூன்றாவதை அழகர் உடம்பிலிருந்தே கழற்றி வாங்கியிருந்தார். அவன் வெற்று மார்போடு பக்கத்தில் நின்று ‘தா, தா’ என்று சட்டையின் கையைப் பிடித்து இழுத்தான். அழ ஆரம்பித்தான். பாண்டித்துரை புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடு இருந்தது. இருந்தும் உரித்தார். கடைசி இரண்டு எண்களின் ஓரம் தாளோடு லேசாக எழும்பி வந்தது. மேலே ஒரு தாளை வைத்து மறுபடி அழுத்தியதும் பார்வைக்குச் சரியாகிவிட்டது. ஊர்க்காரன் சட்டையாக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு அடித்திருப்பார்.

பாண்டித்துரையின் பழைய பட்டன் போன் ஆறு நாளும் அவர் காதிலேயே இருந்தது. பார்த்தவர், பழகியவர், பஸ் கண்டக்டர், கோயில் ஆபீஸ் என்று ஒருவர் விடாமல் கூப்பிட்டார். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு ஆஸ்பத்திரியின் பிணவறைக்குக் கூப்பிட்டார். “லைன்ல நிக்கணே” என்று சொல்லிவிட்டு ரிசீவரை மேசையில் கிடத்திவிட்டுப் போனவன் கால் மணி நேரம் கழித்து வந்தான். “இல்லா. அங்ஙனத்த ஆள் இவிட இல்லா.” பாண்டித்துரை கிடங்கு வாசலில் உட்கார்ந்து வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார். அது சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை.

நான்காம் நாள் ஸாதனா ஒரு கட்டுக் கறுப்புத் துண்டுகளை மேசைமேல் வைத்தாள்.

“அவன் மூஞ்சியையும் நம்பரையும் இதுல அடிங்கோ. மலைக்குப் போறவா தோள்ல போட்டுண்டு போகட்டும்.”

நாற்பது துண்டு. ஒவ்வொன்றுக்கும் புறங்கையை வைத்துக் காத்திருந்தார். முழுக்க ஆறிய பிறகும் எடுக்க மனம் வரவில்லை. “ஆறிடுத்து துரையண்ணா, எடுங்கோ” என்று அவள் சொல்லவேண்டியிருந்தது. நாற்பது முகமும் ஐந்தாம் நாள் காலை மலைக்குப் போயின. அவற்றைப் பார்த்து ஒரு போன்கூட வரவில்லை.

ஆறாம் நாள் சாயங்காலம் புது நம்பர் ஒன்று அழைத்தது.

“அண்ணாச்சி, தமிழா? எருமேலியிலேர்ந்து பேசுதேன். கறுப்புச் சட்டைக்காரரு ஒருத்தரு, வாய் பேசமாட்டாரு, ‘தா தா’ம்பாரு. ஒங்க ஆளா?”

பாண்டித்துரை போனை மனைவி பக்கம் திருப்பினார். ஆவுடையம்மாள்தான் போனைப் பிடுங்கி “எங்க ஆளுதான் தாயி, எங்க ஆளுதான்” என்று கத்தினாள்.

அழகர் ஏதோ ஒரு கூட்டத்தோடு பஸ் ஏறிப்போயிருந்தான். அவர்கள் அவனை வேறு கூட்டத்து ஆள் என்று நினைத்திருக்கிறார்கள். அன்று சாயங்காலமே எருமேலியில் தனித்து நின்றவனைச் சோடாக் கடை போட்டிருந்த முப்பிடாதி கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறாள். தென்காசிப் பக்கத்துக்காரி, சீசனுக்கு மட்டும் வருகிறவள். மைக்கில் சொல்லச் சொன்னாள். யாரும் வரவில்லை. ராத்திரி அவளுடைய தார்ப்பாய்க்குள்தான் அவனும் படுத்தான். பாண்டித்துரை போய் இறங்கியபோது பெட்டிமேல் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்து ஒரு பழத்தை நீட்டினான்.

மாசியில் பாண்டித்துரை ஒரு சேலையோடு முப்பிடாதியின் ஊருக்குப் போனார். அப்போதுதான் அவள் அந்த அட்டையை எடுத்துக் காட்டினாள். பிஸ்கட் பெட்டி அட்டை. மேலே சட்டை முதுகில் மிஞ்சியிருந்த எட்டு எண்கள். கீழே பூஜ்யம் பூஜ்யத்திலிருந்து தொண்ணூற்றொன்பது வரை வரிசையாக எழுதி, சோடா விற்ற நேரம் போக ஒவ்வொன்றாகக் கூப்பிட்டிருக்கிறாள். ‘தெரியாது’ என்றவர்களுக்குப் பெருக்கல் குறி. திட்டினவர்களுக்கும் அதேதான். எடுக்காதவர்களுக்கும் பிஸியாக இருந்தவர்களுக்கும் ஒரு புள்ளி. கடைசிவரை போய்விட்டுத்தான் புள்ளி வைத்தவர்களிடம் திரும்பி வந்திருக்கிறாள்.

முப்பத்தொன்று பாண்டித்துரையின் எண். அதன் பக்கத்தில் ஒரு புள்ளி இருந்தது.

“இது எப்ப கூப்பிட்டே தாயி?”

“அவரு வந்த மூணாம் நாளு, அண்ணாச்சி. பத்து மணிக்கு ஐஸ் வண்டி வந்துட்டுப் போன கையோட. பிஸின்னு வந்துச்சு.”