பின் சீட்டுப் பேச்சு

கம்பெனி எப்படி இருக்கிறது என்று செம்புச் சுரங்கத்துத் தொழிலாளர்களுக்கு யாரும் சொன்னதில்லை. அவர்களுக்கு இருந்த ஒரே வழி, கம்பெனி கார் டிரைவர்.

முதலீடு செய்ய நினைப்பவர்கள் விமானத்தில் வந்து இறங்குவார்கள். மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடுவார்கள். கார் ஓட்டுகிறவருக்கும் காது உண்டு என்பது அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. வரும்போது பேசிக்கொண்டே வந்தவர் திரும்பும்போது தூங்கினால் பணம் வராது. திரும்பும்போதும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் வரும். டிரைவரின் இந்தக் கணிப்பு பெரும்பாலும் பலித்தது. ஆட்கள் அவருக்கு ‘ரேடியோ’ என்று பேர் வைத்தார்கள். கேன்டீனில் அவர் உட்கார்ந்தால் டீ தானாக வரும்.

வீட்டில் மனைவி மட்டும் மசியமாட்டாள். “ஊருக்கெல்லாம் நியூஸ் வாசிக்கிறீங்க. நம்ம வீட்டுல கேஸ் தீர்ந்த நியூஸ் மட்டும் காதுல விழாது.”

செம்பு விலை சரிந்த வருடம் அது. மனைவியின் தம்பி அதே சுரங்கத்தில் பாறையில் துளை போடும் இயந்திரத்தை ஓட்டினான். தொலைவில் ஒரு சிமெண்ட் ஆலையின் குவாரியில் அவனுக்கு வேலை கிடைத்தது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அந்த வாரம்தான் சஃபாரி சட்டை போட்ட ஒருவர் வந்தார். மேனேஜரும் அவரோடு பின் சீட்டில் ஏறினார்.

“புதுசா வெட்டப்போற ரெண்டாவது சுரங்கத்துக்கும் இதே ஆளுங்கதானா?” என்றார் சஃபாரி.

“பின்னே? ஒருத்தரக்கூட விடமாட்டேன் சார். எல்லாம் கை பழகின ஆளுங்க.”

திரும்பும் வழியிலும் சஃபாரி தூங்கவில்லை.

அன்று மாலையே டிரைவர் மச்சினன் வீட்டுக்குப் போனார். “மாப்ள, குவாரி வேணாம். இங்கேயே இரு.”

“நிச்சயமா மாமா? அங்க வீடுகூட பாத்துட்டேன். நீங்க சொன்னா விட்டுடறேன்.”

“என் ரெண்டு காதால கேட்டேன்டா.”

வேலைக்கு வரமாட்டேன் என்று மச்சினன் குவாரிக்குச் சொல்லிவிட்டான். கிளம்ப இருந்த வேறு சிலரும் அவனைப் பார்த்துத் தங்கினார்கள். இராப்பகலாக வேலை நடந்தது. வெட்டிய தாதுக்கல் முழுவதும் லாரி லாரியாக இறங்கிப் போனது.

மழைக்காலம் முடிந்ததும் சஃபாரி மறுபடி வந்தார். இம்முறை தனியாக, கையில் அளவு டேப்போடு. அவரே பேச்சுக் கொடுத்தார்.

“டிரில் மெஷின கழட்ட எவ்வளவு நேரம்பா ஆகும்?”

“எதுக்கு சார் கழட்டணும்?”

சஃபாரி சிரித்தார். “நான் பழைய மெஷின் வாங்குற ஆளு. முதலீடாவது ஒண்ணாவது! உங்க மேனேஜர்தான் அன்னிக்கு, கார்ல விலை பேசாதீங்க, டிரைவர் கேக்கறதெல்லாம் கேன்டீனுக்குப் போயிடும், புது சுரங்கத்தப் பத்திப் பேசிட்டு வாங்கன்னாரு. கடைசி லோடு ஏறுற வரைக்கும் ஆளுங்க நிக்கணுமாம். நல்லாப் பேசினேனா?”

டிரைவர் கியர் மாற்ற மறந்தார். மேட்டில் வண்டி திணறியது. மேனேஜரின் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, இதே காரில்தான் அவளை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகத் தூக்கி ஏற்றி இறக்கியிருந்தார் அவர்.

சுரங்கத்துக்குள் போனபோதே கேட்டில் மூடல் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சஃபாரி இறங்கிக்கொண்டார், மேனேஜர் பெட்டியோடு ஏறினார்.

“அண்ணே, நேரா ஏர்போர்ட். உங்களுக்கு மட்டும் தலைமை ஆபீஸ்ல சொல்லி வெச்சிருக்கேன், கவலைப்படாதீங்க.”

காரைத் திருப்பிக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது, வெளியே போக முடியாதபடி ஆட்கள் அடைத்து நின்றார்கள். கார் நின்றது.

“ரேடியோவுக்கு மட்டும் கரண்ட் போகல பாரு!” என்று கூட்டத்தில் ஒரு குரல்.

மச்சினன் வந்து கண்ணாடியைத் தட்டினான். “தெரிஞ்சேதான் சொன்னீங்களா மாமா?”

டிரைவர் இன்ஜினை அணைத்தார். இறங்கிப் பின் கதவைத் திறந்தார்.

“நான் சொன்னா இவன் நம்பமாட்டான் சார். அன்னிக்கு இந்த சீட்டுல என் காதுல விழணும்னே பேசினத இவன்கிட்ட நீங்களே சொல்லுங்க.”

மேனேஜர் இறங்கவில்லை. போனை எடுத்து, எந்த நம்பரையும் அழுத்தாமல் காதில் வைத்துக்கொண்டார். அது மணியும் அடித்திருக்கவில்லை.

மச்சினன் அந்தப் போனைப் பார்த்தான்.

“கதவ சாத்துங்க மாமா,” என்றான். “சாருக்கு வெயில் அடிக்குது.”

டிரைவர் சாத்தவில்லை. சாவியை பானெட் மேல் வைத்துவிட்டு நடந்தார். மச்சினன் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். நிற்கவில்லை.