இறக்கு என்றொரு சொல்

மழை விட்டதும் அவர் படுதாவைச் சுருட்டிவிட மாட்டார். கும்மிடிப்பூண்டியில் நான் நிர்வாக அதிகாரியாக இருந்த தொழிற்சாலையின் முகப்பில், மடங்கி நீளும் இரண்டு இரும்புக் கைகளின் மேல் விரிந்து நின்ற அந்தக் கித்தான் துணி, நீரின் கனத்தால் நடுவில் தொய்ந்திருக்கும். அவர் அடியில் நின்று, முனையில் துணி சுற்றிய மூங்கில் கழியால் தொய்வை மெல்ல மேலே தள்ளுவார். தேங்கிய நீர் விளிம்பைத் தாண்டி ஒரே வீச்சாகத் தரையில் விழும். பிறகு துணி காயும்வரை அப்படியே விட்டுவைப்பார். மாலைச் சங்கு ஊதியதும் முகப்பில் எல்லாம் மூடப்பட்டிருக்க வேண்டும் என்பது நான் வகுத்த விதி. மழை நாட்களில் மட்டும் அந்த விதி அவரிடம் செல்லாது. "ஈரத்தோட சுருட்டுனா உள்ள பூசணம் பூத்துரும் சார். அப்பால அது துணி இல்ல, சல்லடை" என்பார்.

தொழிற்சாலை முழுவதும் அவரைப் படுதாக்காரர் என்றே அழைத்தது. பழவேற்காட்டு மீனவக் குடும்பத்தில் பிறந்து, இளமையில் ஏரியிலும் கடலிலும் பாய் கட்டிப் படகு ஓட்டியவர். 1970களின் தொடக்கத்தில் எங்களிடம் தற்காலிகப் பணியாளராகச் சேர்ந்தார். வயதில் எனக்கு ஏறக்குறைய இணையானவர். மேலாளர் சென்னையிலிருந்து தருவித்த அந்தப் படுதாக்களின் பராமரிப்புக்கு நான் ஒரு பக்க அளவில் குறிப்பு எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். அவர் அதை ஒருமுறை நின்று படித்தார். அதற்குமேல் அதன் பக்கம் போகவில்லை. உப்புக்காற்று இரும்பைத் தின்னும் என்று வாரந்தோறும் கைகளின் மூட்டுகளைத் துடைத்து கிரீஸ் வைத்தார். சோப்புக் காரம், நீர் புகாமலிருக்கத் துணியில் பூசிய பிசினைக் கரைத்துவிடும் என்று வெறும் நீரும் மென்மையான தூரிகையும் கொண்டே கழுவினார். தையல் ஓரங்களில் மெழுகு தேய்த்தார். இன்று வேப்பம்பட்டில் நான் வசிக்கும் குடியிருப்பில் பொத்தானை அழுத்தினால் விரியும் படுதா இருக்கிறது. வாங்கிய இரண்டாம் மழைக்காலத்திலேயே கரும்புள்ளி விழுந்துவிட்டது. அவர் சொன்னதையே குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நான் எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள்.

நான் சொல்ல வந்தது நடந்த நாள், தொழிற்சாலையில் அம்மைத் தடுப்பூசி போடும் நாள். பெண் தொழிலாளர்கள் நாற்பது பேர் முகப்பில் வரிசையாக நின்றிருந்தனர். படுதா பாதி விரிந்திருந்தது. வடகிழக்கில் வானம் கறுத்து, முதல் துளிகள் விழுந்தன. வெளியூரிலிருந்து வந்த இயக்குநர் மாடியில் மேலாளரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் சாளரத்தில் நின்று உரத்த குரலில், "படுதாவை இறக்கப்பா!" என்றேன். படுதாக்காரர் அண்ணாந்து பார்த்துத் தலையசைத்தார். சுழற்றும் கைப்பிடியைப் பிடித்து மளமளவென்று முழுப் படுதாவையும் உள்ளே சுருட்டிக் கட்டிவிட்டார். மழை கொட்டியது.

"யோவ் படுதாக்காரரே! துணி நனையக்கூடாதுன்னு எங்கள நனைச்சிக்கினு நிக்கிறியே, இன்னா மனுசன்யா நீ!" என்று ஒரு பெண் கத்தினாள். "துணிக்கு ஒரு கொடை புடிச்சிக்கினு வா, போ!" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினார்கள். இயக்குநரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என் நிர்வாகத்தின் மேல் விழுந்ததாகவே நான் கொண்டேன். ஆணையை மீறியதற்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை ஒன்றைத் தட்டச்சு செய்யச் சொன்னேன். அவரைப் பணியில் நிரந்தரமாக்கும் கோப்பு அந்த வாரம்தான் என் மேசைக்கு வந்திருந்தது. குறிப்பாணை ஒன்று அதில் சேர்ந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். அது எனக்குத் தெரியும்.

தட்டச்சு முடிவதற்குள் காற்று வந்தது. கட்டடத்தின் பக்கவாசலில் இன்னொரு படுதா உண்டு. அதைக் காவலாளி, என் ஆணையை நான் எண்ணியபடியே புரிந்துகொண்டு, முழுவதுமாக விரித்திருந்தார். காற்று அதன் அடியில் புகுந்து உயர்த்தி அறைந்தது. சுவரில் பதித்த இரும்புக் கை ஒன்று பெயர்ந்து, நின்றிருந்த காரின் கூரையை நசுக்கியது. காரில் ஆள் இல்லை. முகப்பிலோ சற்று முன்புவரை நாற்பது பேர் நின்றிருந்தார்கள்.

மேலாளர் இறங்கி வந்து, இயக்குநர் காதுபட, "நல்ல வேளை, சரியான நேரத்துல சுருட்டச் சொன்னீங்க" என்று என் கையைக் குலுக்கினார். நான் திருத்தாமல் அவர் கையைக் குலுக்கினேன். அந்தக் கைகுலுக்கல் எனக்குப் பெருமை சேர்க்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

படுதாக்காரரை அறைக்கு அழைத்தேன். "நான் என்ன சொன்னேன்?"

"எறக்கச் சொன்னீங்க. எறக்கிட்டேன். காத்து வரசொல்ல பாயை எறக்குன்னா இன்னா சார் அர்த்தம்? சுருட்டிக் கட்றதுதானே?"

வெயிலுக்குத் தட்டியை இறக்குகிற வீட்டில் வளர்ந்தவன் நான். எனக்கு இறக்குவதென்றால் மறைப்பது. பாயை இறக்கிக் கரை சேர்ந்தவருக்கு அதே சொல் சுருட்டுவது. ஒரே தமிழ்ச்சொல் எங்கள் இருவரிடமும் நேரெதிராக நின்றிருந்தது.

"நீங்க சொல்லாங்காட்டியும் சுருட்டியிருப்பேன் சார்" என்று சேர்த்துக்கொண்டார். "மேகத்தைப் பாத்தா தெரியலியா?"

குறிப்பாணையைக் கிழித்தேன். கோப்பில் என் கையாலேயே எழுதினேன்: "ஆணை இருபொருள்பட அமைந்திருந்தது. பணியாளர் தக்கவாறு செயல்பட்டார்." அவருக்குப் படித்தும் காட்டினேன்.

அவர் சற்று யோசித்தார். "அப்போ பாதித் தப்பு உங்குது, பாதி என்னுதா சார்?"

அவர் குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளவே கேட்டார். தாளைத் திரும்ப வாங்கி முதல் வரியை அடித்துவிட்டு, "படுதாவை விரிக்கவே ஆணையிட்டேன். அந்த ஆணை பிழையானது. பணியாளர் தம் அறிவால் சுருட்டினார். நாற்பது பேர் காயமின்றித் தப்பினர்" என்று எழுதினேன். இயக்குநர் வரை போகும் தாள் அது. மீண்டும் படித்துக் காட்டினேன்.

"இப்ப சரி" என்றார் படுதாக்காரர். ஆனால் நகரவில்லை. மைக்கூட்டை என் பக்கம் தள்ளிவைத்தார்.

"கையெழுத்து போட்டுடுங்க சார். நாளைக்குன்னா மனசு மாறிடும்."

அவர் பார்த்துக்கொண்டிருக்கவே, முழுப் பெயரும் பட்டமும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி கையெழுத்திட்டேன்.