எல்லோருக்கும் இருபது

நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் போட்டிருந்தது. எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது எட்டு மாதம். இதற்கு முன் இரண்டு தடவை எழுதிப்போட்டு, இரண்டு தடவையும் வேறு யாரோ போனார்கள். இந்தத் தடவையும் விட்டால் அவ்வளவுதான்.

ஒரகடம் போகிற சாலையில் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஒரு நர்சிங் கல்லூரியில் பதினெட்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றோடு எங்களுக்கு ஒப்பந்தம் உண்டு. அங்கிருந்து ஓர் ஆசிரியை நான்கு வாரம் வந்து எங்களோடு வார்டில் இருப்பார். பிறகு இங்கிருந்து ஒருவர் ஆறு மாதம் அங்கே போய்ப் படிக்கலாம், பார்க்கலாம், பாடம் எடுக்கலாம். யார் போவது என்பது வந்தவர் எழுதித் தரும் கடிதத்தைப் பொறுத்தது.

ஏன் போக விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு நோயாளர் பாதுகாப்பு, கற்பிக்கும் முறை என்று அரைப் பக்கம் எழுதினேன். பொய் இல்லை. ஆனால் நிஜமான காரணத்தை எழுத முடியாது. எனக்குத் தூங்க வேண்டும். கணவருக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் நாலு மணிக்கு எழுந்து, டிபன் கட்டி, அவரை மண்ணூர் முனையில் கம்பெனி பஸ்ஸுக்கு அனுப்பி, மாமியாருக்கு ஊசி போட்டு, பிள்ளைகளைக் கிளப்பி, ஏழு மணிக்கு நான் கல்லூரி பஸ்ஸில் ஏறினால் அதற்குள் ஒரு நாள் முடிந்த களைப்பு வந்துவிடும். ஆறு மாதம் ஓர் அறையில் தனியாக, யாரும் அம்மா, அண்ணி, மேடம் என்று கூப்பிடாமல் இருந்து பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் ஆசை.

வந்தவர் குளிர்தேசத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், என்னைவிட ஒரு தலை உயரம். வாசலில் எங்கள் பெண்கள் இரண்டு நாட்டுக் கொடியையும் கோலமாகப் போட்டிருந்தார்கள். அதை மிதித்துவிடக் கூடாதே என்று ஓரமாகச் சுற்றி வந்தார். பொன்னாடை, குத்துவிளக்கு, வரவேற்புரை எல்லாவற்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, எப்போது வார்டுக்குப் போகலாம் என்று கேட்டார்.

பெண்கள் வார்டு என் பொறுப்பு. முப்பது கட்டில், காலையில் ஒன்பது மாணவிகள். எட்டரை மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் ஒவ்வொரு நோயாளிக்கும் காய்ச்சல், நாடி, மூச்சு மூன்றையும் பார்த்துச் சார்ட்டில் எழுத வேண்டும். காய்ச்சலைப் பார்ப்பார்கள். நாடியையும் முக்கால்வாசிப் பேர் பார்ப்பார்கள். மூச்சு மட்டும், எண்ணாமலே, எல்லோருக்கும் நிமிடத்துக்கு இருபது. நான் மாணவியாக இருந்தபோதே அப்படித்தான். "இருபது போட்டுட்டு வாடி, ரவுண்ட்ஸ் வந்துடும்" என்று ஒரு சீனியர் அக்கா சொன்னார், போட்டேன். ஊரோடு ஒத்து வாழ் என்பதை நர்சுகளைப் போல் கடைப்பிடிப்பவர்கள் கிடையாது.

முதலாம் ஆண்டு வகுப்பில் இதை எப்படிச் செய்ய வேண்டும் என்று நானே நடத்துகிறேன். நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடக் கூடாது. பிடித்தபடியே நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சு மாறிவிடும். தேர்வில் இதற்கு மதிப்பெண்ணும் போடுகிறேன். வார்டுக்கு வந்ததும் இருபது என்று எழுதிய முப்பது சார்ட்டுக்கும் கீழே கையெழுத்துப் போடுகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. தினமும் மறைத்தேன்.

மூன்றாம் நாள் அந்த வெளிநாட்டு அம்மா சார்ட்டுகளைப் புரட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "இந்த வார்டில் யாருமே ஒற்றைப்படை எண்ணில் மூச்சு விடுவதில்லையா?"

கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிறோம் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அப்படியானால் பதினெட்டும் இருபத்திரண்டும் எங்கே என்று அவர் கேட்கவில்லை. தலையாட்டினார். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் பதினோராம் கட்டிலில் ஒரு பெண் சேர்ந்தாள். தென்காசிப் பக்கம், வயது இருபத்தொன்று. செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் லைன் வேலை. ஹாஸ்டலில் மூன்று நாள் காய்ச்சலோடு கிடந்துவிட்டு வந்திருந்தாள். கூட இருந்தது அவளுடைய அறைத்தோழி. மறுநாள் காலை நான் வார்டுக்குள் நுழைந்ததும் அந்தத் தோழி ஓடிவந்தாள்.

"எக்கா, இவளுக்கு மூச்சு வாங்குதுக்கா. பேசவே முடியல பாத்துக்கிடுங்க."

நான் கட்டிலைப் பார்க்கவில்லை. சார்ட்டைப் பார்த்தேன். இருபது என்று இருந்தது. "காய்ச்சல் இருந்தா அப்படித்தாம்மா இருக்கும், பயப்படாத" என்று சொல்லிவிட்டு, அதன் கீழே கையெழுத்துப் போட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். பொய் எண் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதையே நம்பினேன். இதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

சற்று நேரத்தில் வார்டு ஆயா வந்து என் தோளைத் தட்டினார்.

"இன்னா டீச்சர், வெள்ளக்காரம்மா அந்தப் பதினொண்ணு கையப் புடிச்சிகினு குந்தினுகீது. ஏந்திரிக்கவே காணோம்."

போய்ப் பார்த்தேன். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கண் மட்டும் நெஞ்சில் இருந்தது. ஒரு நிமிடம் முடிந்து, இன்னொரு நிமிடமும் எண்ணினார். பிறகு என்னைப் பார்த்து முப்பத்தேழு என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். ஆக்சிஜன், டாக்டர், எக்ஸ்ரே. இரண்டு பக்கமும் நிமோனியா. ஐ.சி.யு.வில் ஆறு நாள் இருந்தாள். பிழைத்துக்கொண்டாள். அந்த ஆறு நாளும் நான் சாப்பிட்டதும் தூங்கியதும் நினைவில் இல்லை.

இருபது என்று எழுதிய மாணவி இரண்டாம் ஆண்டு, பிள்ளைப்பாக்கத்துப் பெண். நிலம் கைமாறிய பிறகு அவள் அப்பா அதே நிலத்தில் எழுந்த கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிறார். விசாரணைக்கு முன்பு பிரின்சிபால் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ண மூணு மாசம் சஸ்பெண்ட் பண்ணிடலாம். நீங்க ஒண்ணும் பேச வேணாம். உங்க லெட்டர நாளைக்குத்தான் எழுதப் போறாங்க. புரியுதுங்களா?"

புரிந்தது. மூன்று மாதம் என்றால் வருகைப்பதிவு போய்விடும். வருகைப்பதிவு போனால் ஒரு வருடம் போய்விடும். அதுவும் புரிந்தது. சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

விசாரணையில் பிரின்சிபால், சூப்பரின்டென்ட், விருந்தினர், நான், எதிரே அந்தப் பெண். மூச்சை எண்ணினாயா என்று கேட்டார்கள்.

"எண்ணல மேடம். தப்புதான்" என்றாள்.

அவ்வளவுதான். எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள் என்று சொல்லவில்லை. கையெழுத்து யாருடையது என்று கேட்கவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எனக்கு அவள்மேல் எரிச்சலாக வந்தது. காட்டிக்கொடுத்திருந்தால் நான் மறுத்திருப்பேன், எனக்கு என்னைத் தெரியும். அவள் அதற்கு வழி வைக்கவில்லை.

"அந்தச் சார்ட்டுல இருக்கிறது என் கையெழுத்து" என்றேன். "இருபது போடச் சொல்லி நான் சொல்லல. ஆனா பதினெட்டு வருஷமா அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன். அந்தப் பொண்ணுக்கு மூச்சு வாங்குதுன்னு கூட இருந்தவ எங்கிட்டதான் சொன்னா. நான் பார்க்கல."

பிறகு விருந்தினருக்காக எல்லாவற்றையும் ஆங்கிலத்திலும் சொன்னேன். அரை நிமிடக் கதையும் பொய் என்று சேர்த்துச் சொன்னேன். இதைத் தைரியம் என்று ஆயா நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். தைரியமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பெண் வருடத்தை இழந்து வீட்டில் உட்கார்ந்திருக்க, நான் எங்கோ ஓர் அறையில் தனியாகப் படுத்தால் தூக்கம் வராது. தூங்கத்தானே போக நினைத்தேன்.

மறுநாள் அந்த அம்மா என்னைத் தேடி வார்டுக்கே வந்தார். "உங்களைப் பரிந்துரைக்க முடியாது. நீங்கள் சொன்னதற்காக இல்லை. கையெழுத்துக்காக" என்றார். முகத்தைப் பார்த்துச் சொன்னார், தோளில் கை வைத்து ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நியாயம்தான். ஆனாலும் கோபம் வந்தது. மருந்தறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபத்தில் பாதி, களைப்பில் பாதி.

மாணவியை எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். எனக்கும் ஒன்று வந்தது. முப்பத்திரண்டு வயது ஆசிரியை ஒருத்தி ஆறு மாதத்துக்குப் போய்விட்டு வந்தாள். கெட்டிக்காரி, போக வேண்டியவள்தான். என் நாற்பத்தைந்தாவது பிறந்தநாள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றும் கணவருக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்.

இப்போது எங்கள் வார்டில் ஆளுக்கு ஒரு நிமிடம் எண்ணுகிறோம். அதற்காக மாணவிகளை அரைமணி முன்னதாக வரச் சொல்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறார்கள். ரவுண்ட்ஸ் தாமதமானால் டாக்டர் என்னைத்தான் திட்டுகிறார். கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைப்பாக்கத்துப் பெண் இப்போது கடைசி வருடம். போன வாரம் ஒரு காலை அவள் எழுதிய சார்ட்டுகளை வாங்கிப் பார்த்தேன். பத்தொன்பது, இருபத்துமூன்று, பதினேழு, இருபத்தாறு. நம்பலாம் என்றுதான் தோன்றியது. நம்பாமல் பதினோராம் கட்டிலுக்குப் போய் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். வார்டுக்கு வந்ததிலிருந்து அப்போதுதான் உட்காருகிறேன், முட்டி விண்விண்ணென்று வலித்தது. ஒரு பாட்டியம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். அவள் பக்கத்தில் நின்றாள். மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க அங்க போயிருந்தா நல்லா இருந்திருக்கும் இல்ல மேடம்?"

"இருந்திருக்கும்" என்றேன்.

அதற்குள் எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.