வீடு பார்க்காத ஞாயிறுகள்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் லைன் ஆபரேட்டராக இருக்கிறேன். அங்கே என்னை யாரும் சோம்பேறி என்று சொல்ல முடியாது. பாகங்கள் நகர்ந்து வரும் லைன் ஓடும், கையும் கூடவே ஓடும். மூக்கு அரித்தால் சொறிய நேரம் இருக்காது. அதே கை, அறைக்கு வந்துவிட்டால் எட்டி ஒரு தண்ணீர் பாட்டிலை எடுக்க யோசிக்கும்.

அறை பிள்ளைப்பாக்கத்தில். ஐந்து பேர். ஷிப்ட் மாறி மாறி வருவதால் பாய் ஆறுவதே இல்லை. ஒருவன் எழுந்த சூட்டிலேயே அடுத்தவன் படுத்துவிடுவான். என் மனைவியும் ஐந்து வயது மகளும் தென்காசிப் பக்கம் மாமனார் வீட்டில் இருந்தார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நான் இங்கே வீடு பார்த்து இருவரையும் அழைத்து வந்துவிட வேண்டும், மகளை இங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று பேச்சு. என் பங்கு வீடு பார்ப்பது மட்டும்.

"வீடு பாத்தீயளா?" என்று ஒவ்வொரு ஞாயிறும் மனைவி போனில் கேட்பாள்.

"அடுத்த வாரம் கண்டிப்பா" என்பேன்.

பொய் இல்லை, நம்பித்தான் சொன்னேன். ஞாயிறு வந்தால் குளித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும், பிறகு சாப்பிட்டுவிட்டு, பிறகு வெயில் தாழட்டும். சோம்பலை விரட்டுவது எப்படி என்று வீடியோக்கள்கூடப் பார்த்தேன், படுத்துக்கொண்டேதான். எழுந்ததும் பாயைச் சுருட்டி வையுங்கள் என்றார் ஒருவர். எங்கள் அறையில் பாயைச் சுருட்டினால் நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவன் அடிக்க வருவான்.

ஒருமுறை போகவும் செய்தேன். வீட்டுக்காரர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "வூடு கீது தம்பி. ஆனா ஃபேமிலிக்கு இல்ல. பசங்கன்னா தலைக்கு இவ்ளோன்னு வாங்கிக்கலாம், ஃபேமிலிக்கு வுட்டா இன்னா வரும்?" மற்ற ஊர்களில் கல்யாணமாகாதவனுக்கு வீடு கிடைக்காது, இங்கே கல்யாணமானவனுக்குக் கிடைக்காது. அந்த எரிச்சலே அடுத்த சில வாரங்கள் படுத்துக் கிடப்பதற்குச் சாக்காகிவிட்டது.

கடைசியில் அறை நண்பன் ஒருவன் சேரப்பணஞ்சேரியில் வீடு வாடகைக்கு விடும் ஓர் அம்மாவைப் பிடித்துக் கொடுத்தான். குழந்தை இருக்கும் குடும்பம்தான் வேண்டும் என்றாராம். போனில் பேசினேன். "ஞாயித்துக்கிழமை காலைல வந்து பாத்துட்டு சாவி வாங்கிக்கினு போ. லேட் பண்ணாத, நெறைய பேரு கேக்குறாங்க" என்றார். பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு அது.

நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் காலையில் இறக்கிவிட்டது. அங்கிருந்து நேரே போயிருக்கலாம். முகம் கழுவிவிட்டுப் போவோம் என்று அறைக்கு வந்தேன். ஷூவைக் கழற்றவில்லை. கழற்றினால் படுத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும், அவ்வளவு எச்சரிக்கை. பாத்ரூமில் ஆள் இருந்ததால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

கண் விழித்தபோது தெருவில் லைட் போட்டிருந்தார்கள். ஷூ காலிலேயே இருந்தது. பதறிப்போய் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். "எவ்ளோ நேரம் பாத்துக்கினு இருந்தேன் தம்பி. போனும் எடுக்கல நீ. வேற ஃபேமிலி வந்துச்சு, குடுத்துட்டேன்" என்றார்.

அது அசதி, சோம்பல் இல்லை என்றார்கள் அறையில். இருக்கலாம். அதற்கு முந்தைய ஞாயிறுகளுக்கு என்ன பெயர் வைப்பது? எது வரை அசதி, எங்கிருந்து சோம்பல் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டுத்தான் என்ன ஆகப்போகிறது? என்னைத் தள்ளிக்கொண்டு போக அறைக்குள் லைன் ஓடுவதில்லை.

மனைவியிடம் சொன்னபோது போனை வைத்துவிட்டாள். பள்ளி திறந்த அன்று ஒரு போட்டோ அனுப்பினாள். ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சீருடையில் மகள், இரட்டைச் சடை. பார்த்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை, நிம்மதி. இனி வீடு பார்க்க வேண்டாம். அப்படி ஒரு நிம்மதி வந்ததை நினைத்துத்தான் பிறகு பயந்தேன்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "இனி நீங்க அலைய வேண்டாம். லீவு நாள்ல நல்லா தூங்குங்க" என்றாள். குத்திக்காட்டுகிறாளோ என்று குரலைக் கவனித்தேன். இல்லை, மனதாரத்தான் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரி என்றேன்.